ஊர்க் கணக்கில் சேரி எங்கே?

எரியோட்டில் பேருந்தை விட்டு இறங்கி, சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. முனைவர் பட்ட ஆய்வுக்கான களப்பணி. ஒரு பிற்பகல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன்: "உங்க ஊர்ல மேல்நிலைத் தொட்டி இருக்காம்மா?"

"ஊர்ல இருக்கு தாயி."

'ஆம்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அடுத்த கேள்விக்குப் போவதற்குள் அவரே தொடர்ந்தார்: "ஊர்லதான் இருக்கு. நம்ம பக்கம் வாரது கெடையாது. இங்க அந்தா தெரியுதே, அந்த ஒத்தக் குழாய்தான்."

டிக் அடித்தது அடித்ததுதான். அவருடைய இரண்டாவது பேச்சை எழுத என் படிவத்தில் இடம் இல்லை.

நானும் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தெருவில் வளர்ந்தவள்தான். 'ஊர்' என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்ன பொருள் என்பது எனக்குத் தெரியாததல்ல. 'ஊர்க்காரங்க' என்றால் சாதி இந்துக்கள். 'ஊர்க்கிணறு' என்றால் நாங்கள் இறங்க முடியாத கிணறு. 'ஊர்த் திருவிழா' என்றால் எங்கள் தெருவுக்குத் தேர் வராத திருவிழா. வேலைக்குப் போகும்போது "ஊருக்குள்ள போயிட்டு வாரேன்" என்றுதான் அம்மா சொல்லுவார். அப்படியிருந்தும் படிவத்தைக் கையில் எடுத்த கணமே 'ஊர்' என்பதை எல்லோருக்கும் பொதுவான ஒன்றாக நினைத்துக் கேட்டுவிட்டேன். புள்ளியியல் வகுப்பில் சொல்லிக்கொடுத்த 'கிராமம்' என் நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது.

அன்று நான் செய்த பிழையைத்தான் இந்த நாட்டின் பெரிய புள்ளிவிவரங்கள் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கின்றன. சாதிவாரிக் கணக்கெடுப்பு வாசலுக்கு வந்திருக்கும் நேரத்தில் இதைப் பேசாமல் விட்டால் அந்தக் கணக்கெடுப்பின் பயனில் பாதியை இழந்துவிடுவோம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

வீடும் இடமும்

ஒரு குடும்பத்தின் நிலையை அந்தக் குடும்பத்தை மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. பிள்ளை ஏன் பள்ளியை விட்டு நின்றது என்று கேட்டால், வீட்டு வருமானமும் பெற்றோரின் படிப்பும் பாதி விடைதான் சொல்லும். பள்ளி எவ்வளவு தொலைவு, பேருந்து வருகிறதா, போகும் வழி எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதில் மீதி விடை இருக்கிறது. ஆகவே ஆய்வாளர்கள் இரண்டு வகைத் தரவுகளை இணைக்கிறார்கள். ஒன்று, வீட்டுக் கணக்கெடுப்பு. மற்றொன்று, அந்த வீடு இருக்கும் இடத்தைப் பற்றிய தகவல்.

முதல் வகைக்கு நம்மிடம் பெரிய எடுத்துக்காட்டு தேசிய குடும்பநல ஆய்வு. 2019-21இல் நடந்த அதன் ஐந்தாம் சுற்று 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளைச் சந்தித்தது. சராசரியாக ஒரு மாவட்டத்துக்கு 900 வீடுகள். 2011 கணக்கெடுப்பின்படி 21.59 லட்சம் மக்கள் வாழும் திண்டுக்கல் போன்ற ஒரு மாவட்டத்தின் உடல்நலத்தை ஏறக்குறைய அந்த அளவு வீடுகளை வைத்துத்தான் எடைபோடுகிறோம்.

இரண்டாம் வகைக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு குறியீட்டு எண். அதற்கு எதிரே ஒரு வரிசை. பள்ளி உண்டா, ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை கிலோமீட்டர், குழாய்நீர் உண்டா, பேருந்து வருகிறதா, மொத்த மக்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று அந்த வரிசை நீளும். எரியோடு போன்ற பேரூராட்சிக்கு வார்டுவாரியாகத் தலைக்கணக்கு கிடைக்கும். ஆனால் சாலை, குடிநீர், மருத்துவமனை ஆகியவை பேரூராட்சி முழுமைக்கும் ஒரே வரிசையில் முடிந்துவிடும்.

வீட்டின் தரவில் உள்ள இடக் குறியீட்டை இந்தப் பட்டியலின் குறியீட்டோடு பொருத்தினால், ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் இடத்தின் தகவல்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். இணைப்பு என்பது இவ்வளவுதான்.

இந்த முறையை ஒடுக்கப்பட்டோரின் ஆயுதமாக மாற்றிய முன்னோடி ஒருவர் இருக்கிறார். அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். 1896-97இல் ஃபிலடெல்ஃபியா நகரின் ஏழாவது வார்டில் ஏறக்குறைய 2,500 வீடுகளின் கதவைத் தானே தட்டினார். திரட்டிய விவரங்களைத் தெருவாரியாக, வீடுவாரியாக வண்ணமிட்டு வரைபடத்தில் பதித்தார். கறுப்பர்களின் வறுமைக்கு அவர்களின் குணமே காரணம் என்று வெள்ளைச் சமூகம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வேலை மறுப்பும் வாடகைச் சுரண்டலும் குடியிருப்பின் நெருக்கடியும் சேர்ந்து அந்த வாழ்வை எப்படி வடிவமைக்கின்றன என்பதை 1899இல் வெளிவந்த அவரது நூல் காட்டியது. அவருடைய அலகு தெருவாகவும் வீடாகவும் இருந்ததால்தான் அது முடிந்தது. நகரம் முழுவதற்கும் ஒரு சராசரி போட்டிருந்தால் அந்த உண்மை வெளியே வந்திருக்காது.

இரண்டு கிராமங்கள், ஒரே 62

நம்முடைய அலகு கிராமம். அந்த அலகின் கோளாறைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு கிராமங்கள். இரண்டிலும் ஊர்த்தெருக்களில் 400 வீடுகள், தலித் குடியிருப்பில் 100 வீடுகள். முதல் கிராமத்தில் ஊருக்குள் 248 வீடுகளுக்கும் தலித் குடியிருப்பில் 62 வீடுகளுக்கும் குழாய் இணைப்பு இருக்கிறது. இரண்டாம் கிராமத்தில் ஊருக்குள் 300 வீடுகளுக்கு இணைப்பு. தலித் குடியிருப்பில் 10 வீடுகளுக்கு மட்டும். இரண்டு கிராமங்களிலும் மொத்தம் 310 வீடுகள். 500க்கு 310. இரண்டுக்கும் 62 விழுக்காடு.

கணினித் திரையில் இந்த இரண்டு கிராமங்களும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றில் தண்ணீர் பகிரப்பட்டிருக்கிறது. மற்றொன்றில் தண்ணீருக்குச் சாதி இருக்கிறது. தரவுக்கு இந்த வேறுபாடு தெரியாது. பட்டியலில் 'உண்டு', 'இல்லை' என்று மட்டும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஊர் மந்தையில் ஒரே ஒரு தொட்டி இருந்தாலும் போதும், கிராமம் முழுவதற்கும் 'உண்டு'.

இந்தக் கற்பனைக் கணக்குக்கு நிஜ ஊர்கள் இருக்கின்றன. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் தலித் மக்களின் பாதையை மறித்து ஒரு சுவர் எழுந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நின்றது. தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது. சுவர் நின்ற அந்த ஆண்டுகளில் 1991, 2001 என்று இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் வந்து போயின. இரண்டிலும் உத்தப்புரம் ஒரே கிராமம். சுவருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வி எந்த அட்டவணையிலும் இல்லை.

புதுக்கோட்டை மாவட்டம் முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது. நம் படிவங்களின் மொழியில் அதற்கு முதல் நாளும் வேங்கைவயலில் தொட்டி 'உண்டு'. மறுநாளும் 'உண்டு'.

இந்தியக் கிராமம் ஓர் அலகு அன்று, ஊருக்குள் வாழும் தீண்டத்தக்கவர்களும் ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட தீண்டப்படாதவர்களும் எனப் பிரிந்து கிடக்கும் இரண்டு குடியிருப்புகள் என்று அம்பேத்கர் விளக்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. சமூகவியல் வகுப்பில் அதைப் படிக்கிறோம், மேடையில் பேசுகிறோம். தரவுக் கோப்பைத் திறந்ததும் காந்தியின் கிராமத்துக்குத் திரும்பிவிடுகிறோம்.

பழி யார் தலையில் விழுகிறது?

"சரி, சராசரி கொஞ்சம் பிசகுகிறது. அதனால் என்ன?" என்று கேட்கலாம். பிசகு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் சிக்கல்.

மேலே சொன்ன இரண்டாம் கிராமத்தைச் சேர்ந்த ஒரு தலித் வீட்டை எடுத்துக்கொள்வோம். இணைப்பு முடிந்ததும் அந்த வீட்டின் வரிசையில் 'கிராமத்தில் குழாய்நீர்: 62 விழுக்காடு' என்று ஏறிவிடும். 'சுகாதார நிலையம்: அருகில்', 'பள்ளி: உண்டு' என்பவையும் ஏறும். பக்கத்தில் அதே வீட்டின் நிலை: குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு. இப்போது கணினியிடம் கேட்டால் அது என்ன சொல்லும்? இடத்தின் வசதிகள் எல்லாம் சமமாக இருக்கின்றன, ஆனாலும் இந்த வீடு பின்தங்கியிருக்கிறது. ஆகவே காரணம் வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும். அங்கிருந்து ஆய்வறிக்கையின் முடிவுரைக்கு ஓரடி தூரம்தான். 'விழிப்புணர்வுக் குறைவு', 'தாயின் கல்வியின்மை', 'சுகாதாரப் பழக்கங்கள்'. தெருவுக்கு வராத தண்ணீரின் பழி குழந்தையைப் பெற்ற தாயின் மீது விழுகிறது. பிறகு அந்தத் தாய்க்குக் கைகழுவச் சொல்லிக்கொடுக்க ஒரு திட்டம் வருகிறது. கைகழுவத் தண்ணீர் வருவதில்லை.

இதே பிழை எதிர்த்திசையிலும் நடக்கும். அமெரிக்கப் புள்ளியியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இல் ஓர் எளிய உண்மையை வெளிக்காட்டினார். 1930ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பை மாநிலவாரியாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் உள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு. ஆள்வாரியாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவின்மை சற்று அதிகம். எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய் அவர்கள் குடியேறியதால் வந்த மயக்கம் இது. இடத்தின் குணத்தை ஆளின் குணமாக எடுத்துக்கொள்ளாதே என்பது பாடம்.

அந்தப் பாடத்துக்கு நம் காவிரிப் படுகையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. பாசன வசதி மிகுந்த கிராமம் செழிப்பான கிராமம் என்று தரவு சொல்லும். அந்தப் பாசன நிலத்தில் நடவு நட்டவர்களும் அறுத்தவர்களும் நிலமற்ற தலித் கூலிகள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கிராமத்தின் பாசன விழுக்காட்டை எடுத்து அந்தக் குடிசைகளின் வரிசையில் ஒட்டினால் அவையும் செழிப்பின் பங்காளிகளாகத் தெரியும்.

உள்ளே பார்த்தவர்கள் கண்டது

கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ளே இறங்கிப் பார்த்த ஆய்வுகள் இல்லாமல் இல்லை. நவீன் பாரதி, தீபக் மல்கன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கர்நாடகக் கிராமப்புறத்தின் ஏறக்குறைய 3.65 கோடி மக்களின் தரவைக் கொண்டு, ஒரே கிராமத்துக்குள் சாதிகள் எப்படிப் பிரிந்து வாழ்கின்றன என்று அளந்தார்கள். அங்குள்ள பிரிவினை அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பு-வெள்ளைக் குடியிருப்புப் பிரிவினையைவிடக் கடுமையானது என்பது அவர்களின் முடிவு.

சாம் ஆஷர், பால் நோவோசாட், அஞ்சலி அதுகியா முதலியோர் இந்தியா முழுவதும் 15 லட்சம் குடியிருப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் செறிந்து வாழும் பகுதிகளில் பொது வசதிகள் தொடர்ந்து குறைவாக இருப்பதைக் கண்டார்கள். நாம் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த முடிவை: நகரங்களில் இந்த ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய முழுவதும் ஒரே நகரத்தின் பகுதிகளுக்கு இடையில் இருக்கிறது. அரசும் ஆய்வாளர்களும் வழக்கமாகப் பயன்படுத்தும் மொத்தத் தரவுகளில் அது கண்ணுக்கே தெரிவதில்லை. அரசுப் பள்ளியை எந்தத் தெருமுனையில் கட்டுவது, குழாயை எங்கே நிறுத்துவது என்ற முடிவுகளில் சாதி வேலை செய்கிறது. மாவட்ட அறிக்கையில் தேடினால் அது கிடைக்காது.

வீட்டிலும் இல்லை, ஊரிலும் இல்லை

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு ஓட்டையும் உண்டு. எரியோட்டைச் சுற்றி, வேடசந்தூர் வட்டாரம் முழுவதும் நூற்பாலைகள். இந்த ஆலைகளின் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் இளம்பெண்கள் பலர் தொலைதூர மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் தலித் பெண்கள் கணிசம். வீட்டுக் கணக்கெடுப்பு வீடுகளுக்குத்தான் போகும்; விடுதிக்குள் போகாது. சொந்த ஊரில் போய்க் கேட்டால், வழக்கமாக அந்த வீட்டில் வசிப்பவர் அல்ல என்பதால் அங்கேயும் பெயர் விடுபட வாய்ப்புண்டு. தரவு இணைப்பின் இரண்டு முனைகளிலும் அந்தப் பெண் இல்லை.

வேடசந்தூர் அருகே ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் 2021 சனவரியில் கொல்லப்பட்டார். அதன் பிறகு பெண் தொழிலாளர்களின் சங்கம் நடத்திய போராட்டத்தால் 2022இல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' உருவானது. பன்னாட்டு ஆடை நிறுவனங்களையும் பாலியல் வன்முறைக்கு எதிரான பொறுப்புக்குள் இழுத்து வந்த ஒப்பந்தம் அது. யார், எந்தத் தெருவிலிருந்து, எந்த வண்டியில் வேலைக்கு வருகிறார்கள் என்பது சங்கத்தில் இருக்கும் பெண்களுக்குத் தெரியும். எந்த அரசுக் கோப்பும் அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு நாள் இடைவெளியில் இரண்டு அறிவிப்புகள்

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். மறுநாள், ஏப்ரல் 30 அன்று, வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அந்தக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள்.

முதல் அறிவிப்பை வரவேற்கிறேன். முகவரியில் அந்தச் சொல்லை எழுத நேரும்போதெல்லாம் பேனா தயங்கிய அனுபவம் எனக்கும் உண்டு. ஆனால் சொல் போன பிறகு அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா என்பதை எதை வைத்துச் சரிபார்ப்போம்? பெயரும் போய், தனிக் கணக்கும் இல்லாமல் இருந்தால் பிரிவினை நிலத்தில் அப்படியே இருக்கும். காகிதத்தில் மட்டும் மறைந்துவிடும்.

இரண்டாம் அறிவிப்பையும் வரவேற்கிறேன். ஆனால் அட்டவணைகள் எந்த அலகில் வெளிவரும்? 2011இல் நடந்த சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பின் சாதி விவரங்கள் வெளியிடப்படவே இல்லை என்பதை மறக்கக் கூடாது. மாநிலத்தில் இத்தனை விழுக்காடு, மாவட்டத்தில் இத்தனை விழுக்காடு என்பதோடு நின்றால் இட ஒதுக்கீட்டு விவாதத்துக்கு அது உதவும். அதுவும் முக்கியம்தான். ஆனால் தெருவுக்குத் தெரு நடக்கும் வஞ்சகத்தைப் பிடிக்க அது உதவாது.

அலகு என்பது வெறும் புள்ளியியல் நுணுக்கம் அல்ல. நிதி எங்கே போகிறது என்பதை அது தீர்மானிக்கிறது. 2009-10இல் தொடங்கிய பிரதமரின் முன்மாதிரிக் கிராமத் திட்டத்தைப் பாருங்கள். மக்கள்தொகையில் பாதிக்கு மேல் பட்டியல் சாதியினர் உள்ள கிராமங்களைத் தேர்ந்தெடுப்பது அதன் தொடக்க விதி. தமிழ்நாட்டின் வருவாய்க் கிராமங்கள் பெரியவை. 2011 கணக்கின்படி ஒரு கிராமத்துக்குச் சராசரியாக 2,500 பேர் வருவார்கள். ஒன்றுக்குள் பல குக்கிராமங்கள். 2,500 பேரில் 600 பேர் தலித்துகளாக, எல்லோரும் ஒரே குடியிருப்பில், எந்த வசதியும் இல்லாமல் வாழ்ந்தாலும் அந்தக் கிராமத்தின் விழுக்காடு 24. திட்டத்தின் கண்ணில் அவர்கள் பட மாட்டார்கள்.

துணைத்திட்ட நிதியிலும் இதே கதைதான். ஒரு பொதுச் சாலை போட்டுவிட்டு, மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு பட்டியல் சாதியினர், ஆகவே செலவில் ஐந்தில் ஒரு பங்கு அவர்களுக்கு என்று ஏட்டில் எழுதிக்கொள்ளும் பழக்கத்தைத் தலித் இயக்கங்கள் நீண்ட காலமாகக் கண்டித்துவருகின்றன. இந்த நிதிக்காகத் தமிழ்நாடு 2024இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. சாலை ஊர் எல்லையோடு நின்றுவிட்டதா, எங்கள் தெரு வரை வந்ததா என்று கேட்கத் தெருவாரித் தரவு இல்லாமல் அந்தச் சட்டத்தை எப்படிக் கண்காணிப்பது?

'அவ்வளவு நுணுக்கமான தரவு அரசிடம் இல்லை' என்பது உண்மை இல்லை. தமிழ்நாட்டின் ஏறக்குறைய 12,500 ஊராட்சிகளில் 79,000க்கும் அதிகமான குடியிருப்புகள் இருப்பதாக ஊரக வளர்ச்சித் துறை கணக்கு வைத்திருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறை எந்த இடத்தில் வீட்டுமனை கொடுத்தது, எங்கே பள்ளி நடத்துகிறது என்பது அதன் ஏடுகளில் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பே ஏறக்குறைய 150 வீடுகள் கொண்ட சிறு தொகுதிகளாகப் பிரித்துத்தான் நடத்தப்படுகிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு வரைபடம் உண்டு. அந்த வரைபடத்தில் ஊரும் இருக்கிறது, சேரியும் இருக்கிறது. அட்டவணை அச்சாகும்போதுதான் இரண்டும் ஒன்றாகின்றன.

பட்டியல் தவறான கைக்குப் போனால்?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தெருவாரிச் சாதித் தரவு வேண்டும் என்று கேட்பது எளிது. அது யார் கையில் இருக்கும் என்பது கடினமான கேள்வி.

1983 சூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போயின. பெயரும் முகவரியும் இணைந்த பட்டியல் என்ன செய்யும் என்று தமிழர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அமெரிக்காவில் 1930களில் அரசு நிறுவனம் ஒன்று நகரங்களின் வரைபடங்களில் கறுப்பர் பகுதிகளைச் சிவப்பால் குறித்தது. அப்படிக் குறிக்கப்பட்ட பகுதிகளில் வீட்டுக்கடன் கிடைப்பது அரிதாயிற்று. டு பாய்ஸ் வரைந்ததும் வரைபடம்தான், இதுவும் வரைபடம்தான்.

குடும்பநல ஆய்வு இந்த ஆபத்தை உணர்ந்து ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. குடும்ப வன்முறை, எச்.ஐ.வி. போன்ற அந்தரங்கமான தகவல்கள் அதில் இருப்பதால், நான்காம் சுற்றின் இடப்புள்ளிகளை வெளியிடும்போது வேண்டுமென்றே நகர்த்திவைத்தார்கள். நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் 5 கிலோமீட்டர் வரை, கிராமப் புள்ளிகளில் நூற்றில் ஒன்றை 10 கிலோமீட்டர் வரை. இது தேவையான காவல். ஆனால் எங்கள் தெருவுக்கும் ஊருக்கும் இடையில் இருப்பது ஒரு வாய்க்கால், ஒரு மந்தை, சில நூறு அடிகள். ஐந்து கிலோமீட்டர் நகர்த்தினால் ஒரு கிராமத்தின் புள்ளி பக்கத்துக் கிராமத்துக்கே போய்விடும். ஆளைக் காப்பாற்றும் திரை சாதியையும் சேர்த்து மறைத்துவிடுகிறது.

இரண்டையும் காக்க வழி உண்டு. புள்ளியை நகர்த்துவதற்கு முன்பே, உண்மையான இடத்தைக் கொண்டு அலுவலகத்துக்குள்ளேயே இணைப்பைச் செய்துவிடலாம். இந்த வீடு ஊர்ப் பகுதியிலா, பிரிந்த குடியிருப்பிலா. நீர்த்தொட்டியிலிருந்து எத்தனை மீட்டர். பள்ளிக்குப் போகும் வழி எத்தனை மீட்டர் என்ற விடைகளை மட்டும் ஊர்ப் பெயரோ புள்ளியோ இல்லாமல் வெளியிடலாம். அதைவிட நுணுக்கமான தரவு வேண்டுவோர் பாதுகாக்கப்பட்ட ஆய்வறைக்குள் உட்கார்ந்து வேலை செய்யட்டும். முடிவுகளை மட்டும் வெளியே எடுத்துச் செல்லட்டும். அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை இப்படிப்பட்ட அறைகளை நடத்துகிறது. நம்மாலும் முடியும்.

கேட்க வேண்டியவை

ஆகவே நம் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: சாலை, குடிநீர், விளக்கு, கழிவுநீர், பள்ளி, சுடுகாட்டுப் பாதை ஆகிய பொது வசதிகளின் தரவைக் கிராமவாரியாக மட்டும் இல்லாமல் குடியிருப்புவாரியாக, பேரூராட்சிகளில் தெருவாரியாக வெளியிட வேண்டும். வசதிகளைப் பற்றிய தகவலில் எவருடைய அந்தரங்கமும் இல்லை.

இரண்டு: வரவிருக்கும் கணக்கெடுப்பில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் என்ற பெரும்பிரிவுகளையாவது குடியிருப்பு அளவில் வெளியிட வேண்டும். தனித்தனிச் சாதிப் பெயர்களின் எண்ணிக்கையை, ஆட்கள் அடையாளம் தெரியாத பெரிய அலகுகளில் வெளியிடலாம்.

மூன்று: வீட்டுக் கணக்கெடுப்புகளையும் குடியிருப்புத் தரவையும் பாதுகாப்பாக இணைக்கும் பொறுப்பை மாநிலத் திட்டக்குழு போன்ற ஓர் அமைப்பு ஏற்க வேண்டும். அதன் மேற்பார்வையில் ஒடுக்கப்பட்ட சமூகங்களின் ஆய்வாளர்களும் இயக்கங்களும் இடம்பெற வேண்டும்.

நான்கு: ஆலை விடுதிகளில் இருப்போரைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும். அவர்களின் சொந்த ஊர், சாதிப்பிரிவு, வயது ஆகியவை அந்தக் கணக்கில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் அரசு செய்யும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கல்லூரியில் படிக்கும் தோழர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு பேரூராட்சியின் எல்லாத் தெருக்களையும் சில வார இறுதிகளில் நடந்து முடித்துவிடலாம். வீட்டுக்குள் போய் யாருடைய சாதியையும் கேட்க வேண்டாம். எந்தத் தெருவில் எத்தனை குழாய், எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர், எத்தனை விளக்கு எரிகிறது, சாலை எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று ஒரு நோட்டில் குறித்தால் போதும். அந்த நோட்டோடு கிராம சபைக்கும் பேரூராட்சி அலுவலகத்துக்கும் போங்கள். 62 விழுக்காடு என்று அதிகாரி சொல்லும்போது, எந்தத் தெருவில் என்று கேளுங்கள்.

அந்தப் பிற்பகலுக்குப் பிறகு என் படிவத்தை மாற்றினேன். 'உங்கள் ஊரில்' என்று தொடங்கிய கேள்விகள் எல்லாம் 'உங்கள் தெருவில்' என்று ஆயின. ஏற்கெனவே போன வீடுகளுக்குத் திரும்பவும் போனேன். அந்த அம்மாவிடம் மறுபடி கேட்டபோது சிரித்தார்.

"இப்பக் கேட்டியே, இதுதான் கேள்வி தாயி. எழுதிக்க, இல்ல."

எழுதிக்கொண்டேன்.